புதுத் தளத்தை முதன்முதலாக வெளியிடும் சின்னக் குழுவுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து இணையத்தில் விற்பனைக்குத் தளம் போடும்போது கூடவே இருந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலோர் சிக்குவது வேலைகளைச் செய்யும் வரிசையில்தான். முதல் மாதம் முழுக்க லோகோவும் நிறமும் பேசிவிட்டு, திறப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது வாங்குகிறவரிடமிருந்து இணையத்தில் பணம் பெற்றுத் தரும் பேமெண்ட் கேட்வேக்கு விண்ணப்பிப்பார்கள், அழைப்பிதழ் எல்லோருக்கும் போயிருக்கும், அனுமதி மட்டும் வந்திருக்காது.

அதனால் இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகளை முதலில் தொடங்குங்கள், உங்கள் கையில் இருப்பதை அதற்குப் பின் செய்யுங்கள், தேதியைக் கடைசியில் குறியுங்கள். உதாரணத்துக்குத் தேன், கருப்பட்டி, கிராம்பு விற்கும் ஐந்து பேர் குழு ஒன்றை வைத்துக்கொள்கிறேன். விற்பனை இல்லாத தளம் என்றால் 2ஆம் பகுதியைத் தாண்டிப் போகலாம், பணம், ஆர்டர் பற்றியவை தவிர மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழுவுக்கென்று ஒரு பொது மின்னஞ்சல். தொழில் யார் பெயரில் நடக்கிறதோ அந்தப் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும். எல்லோரும் திறந்து பார்க்கிற ஒரு கூகுள் ஷீட். அப்புறம், இறுதி முடிவு யாருடையது என்ற தெளிவு.

கடைசியில் சொன்னதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து செய்யும் வேலையில் ஒருவரை முன்னால் நிறுத்தக் கூச்சப்பட்டு, பட்டன் நிறம் வரைக்கும் வாட்ஸ்அப்பில் ஓட்டு போடுவார்கள். எழுத்துக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், தளத்துக்கு ஒருவர் என்று பிரித்து, அவரவர் பகுதியில் அவரவர் சொல்வதே முடிவு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

1. டொமைனும் கணக்குகளும் யார் பெயரில்?

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்), பேமெண்ட் கேட்வே, கூகுள் கணக்கு நான்கும் அந்தப் பொது மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். தளம் போட்டுத் தருகிற தம்பி ஆறு மாதத்தில் வேலை கிடைத்து துபாய்க்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். டொமைன் அவன் பெயரில் இருக்கும், ஓடிபி அவனுடைய பழைய சிம்முக்குப் போகும், அந்த சிம்மும் செயலில் இருக்காது. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியதும் கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பாஸ்புக் வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

டாட் காம் போன்ற டொமைன் வாங்கியதும் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் டொமைன் முடக்கப்படும். விளம்பரக் கடிதம் என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் வாங்கிய அன்றே தேடிப் பிடித்துச் சொடுக்கிவிடுங்கள்.

வாங்கும் முன் பெயரைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். வேறு ஊரில் இருக்கும் யாருக்காவது போன் போட்டு, எழுத்துக்கூட்டாமல் பெயரை மட்டும் சொல்லி, டைப் செய்யச் சொல்லுங்கள். தேன் என்பதை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், பழம் என்பதை அதற்கு மேலும். மூன்று பேர் மூன்று விதமாக டைப் செய்தால் அந்தப் பெயர் வேண்டாம்.

2. அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகள்

பேமெண்ட் கேட்வேயில் விண்ணப்பித்ததும் கேஒய்சி, அதாவது நீங்கள் யார் என்பதற்கான ஆவணங்கள், கேட்பார்கள். பான் கார்டில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் இன்னொன்றில் இருந்தால்கூட விண்ணப்பம் திரும்பி வரும், திருத்தி அனுப்ப இன்னும் சில நாள் போகும்.

இன்னொரு சிக்கல், தளம் இன்னும் உருவாகாத நிலையில் தளத்தைக் காட்டு என்பார்கள். தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள், பணம் திருப்பித் தரும் முறை, அனுப்பும் முறை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் டொமைனில் திறக்க வேண்டும். வழி சுலபம்தான். ஐந்தாறு பக்கம் மட்டும் உள்ள எளிய தளத்தை அந்த டொமைனில் முதலில் ஏற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். பெரிய தளம் பின்னால் வந்து அதன் இடத்தில் உட்காரட்டும். கொள்கைப் பக்கங்களை வேறு தளத்திலிருந்து அப்படியே ஒட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். மூலத்தில் இருந்த கடைப் பெயர் ஏதாவது ஒரு மூலையில் மிச்சம் இருக்கும், சரிபார்ப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) தரும் பதிவோ உரிமமோ கட்டாயம். பொட்டலமிட்டு விற்கும் பொருளுக்குத் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பவை தளத்திலும் தெரிய வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் புகார் பெறும் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் கேட்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்து பேர் குழுவில் இது யார் என்பதை இப்போதே எழுதிவையுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. மார்த்தாண்டம் தேன், மட்டி வாழைப்பழம், கன்னியாகுமரி கிராம்பு எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்து அந்த முத்திரையை எடுத்து முகப்பில் ஒட்டிவிடுகிறார்கள். குறியீடு பொருளுக்குக் கிடைத்ததுதான், ஆனால் அதைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். உங்களிடமோ நீங்கள் வாங்கும் சங்கத்திடமோ அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு போடுங்கள்.

3. எழுத்து முதலில், வடிவமைப்பு அப்புறம்

விண்ணப்பங்கள் நகர்ந்துகொண்டிருக்கும்போது எழுத்து வேலையைத் தொடங்குங்கள். ஒரு பொருளுக்கு எத்தனை வரி, எத்தனை படம், எத்தனை அளவு பாட்டில் என்று தெரியாமல் வடிவமைப்பு போட்டால் பிறகு எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். கூகுள் ஷீட்டில் ஒரு பொருளுக்கு ஒரு வரி: தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், எடை, விலை, விளக்கம், படக் கோப்பின் பெயர், இருப்பு. இந்த ஷீட் நிரம்பும் வரை தளம் கட்டுகிறவர் காத்திருக்கலாம்.

ஏற்கெனவே நோட்டீஸ் அடித்திருப்பீர்கள், அந்த எழுத்தை அச்சகத்திலிருந்து வாங்கித் தளத்தில் போடலாம் என்று தோன்றும். அங்கே கவனம் வேண்டும். அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பவர்கள் உண்டு. அந்தக் கோப்பை எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றித்தான் இணையத்தில் போட முடியும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கருவிக்கு எது தமிழ், எது உண்மையிலேயே ஆங்கிலம் என்று தெரியாது. பாமினி விசைப்பலகையில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் ஒரு தமிழ் எழுத்து. அதனால் கிலோவைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ‘மப’ என்று மாறி நிற்கும், மில்லியைக் குறிப்பவை ‘அட’ ஆகிவிடும். ‘தேன் 500 அட’ என்று வாடிக்கையாளர் படிப்பார். மின்னஞ்சல் முகவரி அடையாளமே தெரியாமல் போகும். மாற்றியதும் எடை, விலை, தொலைபேசி, மின்னஞ்சல், எஃப்எஸ்எஸ்ஏஐ எண் ஐந்தையும் கையால் திரும்ப அடியுங்கள், படித்துத் திருத்தப் பார்க்காதீர்கள், கண் ஏமாறும்.

துணைக்காலும் ‘ர’வும் மாறிக் கிடப்பதையும் இப்போதே பிடித்துவிட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

ஊர்ப் பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். கன்னியாகுமரி, கன்யாகுமரி, குமரி மூன்றும் கலந்து வரும் தளங்கள் நிறைய. தலைப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, விளக்கத்தில் மற்றதை ஓரிடத்தில் சொன்னால் போதும். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆர்டர் வரும் என்பதால் பொருள் பெயரை மட்டுமாவது மலையாளத்திலும் கொடுப்பது நல்லது.

படங்களுக்குப் பருவம் உண்டு என்பதை மறக்காதீர்கள். ரப்பர் புதுத் துளிர் விடும் மாதங்களில்தான் தோட்டத்துப் பெட்டிகளில் தேன் நிறையும். அந்த நேரத்தில் தளம் பற்றிய யோசனை இல்லாவிட்டாலும் படத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு கூகுளில் கிடைக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தேனடைப் படத்தைப் போட்டால், தேன் எடுப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. ஒத்திகைத் தளம்

உண்மையான டொமைனில் வைத்துக் கட்டாதீர்கள். டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணை டொமைன் ஒன்றில், பாஸ்வேர்ட் பூட்டுடன் கட்டுங்கள். பூட்டு இல்லாவிட்டால் கூகுள் பாதி முடிந்த பக்கங்களைப் பட்டியலிட்டுவிடும், ‘விலை: 0’ என்று யாரோ ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள்.

கட்டும்போதே முடித்துவிட வேண்டியவை சில உண்டு. தளத்தின் எழுத்தும் விலையும் சேமிக்கப்படும் தரவுத்தளம் யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்க அமைப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம், அப்படிச் சேமித்ததை மீட்க முடியாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியுங்கள், திரையைப் படித்துச் சொல்லும் கருவிகள் அதைப் பார்த்துத்தான் உச்சரிக்கின்றன.

பக்க முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழ் முகவரி உலாவியில் அழகாகத் தெரியும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘தேன்’ என்ற சின்னச் சொல்லே 36 எழுத்து நீளமாகிவிடும், அதை வாட்ஸ்அப்பில் பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று பயப்படுவார்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை இலவசம். இரண்டு தடிமன் போதும், ஆறு தடிமனை ஏற்றினால் பக்கம் கனக்கும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் மேல் விலங்கும் கீழ் விலங்கும் முட்டிக்கொள்ளும். பட்டனில் ‘கூடையில் சேர்க்கவும்’ என்று எழுதினால் சின்ன போனில் இரண்டாக உடையும். ‘வாங்க’ என்றாலே எல்லோருக்கும் புரியும்.

5. படத்தின் கனம்

போனில் எடுத்த படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் முகப்பு திறக்கவே நேரமாகும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவில் மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். கூகுளின் பேஜ்ஸ்பீட் கருவியில் போன் பிரிவைப் பாருங்கள்: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்ல நிலை. கணினிப் பிரிவின் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வருவது போனில்.

6. சோதனை: இங்கே அவசரம் வேண்டாம்

கட்டியவர் சோதித்தால் எதுவும் அகப்படாது, எங்கே தொட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தளத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் வேண்டும், பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்றால் இன்னும் நல்லது. அவர் போனிலேயே திறந்து கொடுத்து, ‘அரைக் கிலோ தேன் வாங்குங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ‘மக்களே, இதில எங்க அமுக்கணும்?’ என்று அவர் கேட்கும் ஒவ்வொரு இடமும் நீங்கள் திருத்த வேண்டிய இடம். பதில் சொல்லாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் தடுமாறுவது முகவரிப் படிவத்தில். கட்டாயம் நிரப்ப வேண்டியது எது என்று தெரியாது, மாநிலப் பட்டியல் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும், கதவு எண்ணே இல்லாத வீடுகளுக்குக் கதவு எண் கேட்கும். 629 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு அடித்ததும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பும்படி செய்தால் பாதித் தொல்லை தீரும். ‘அடையாள இடம்’ என்ற பெட்டியை விட்டுவிடாதீர்கள், கூரியர்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது ‘குருசடிக்கு எதிர்’ என்ற வரியை வைத்துத்தான்.

அடுத்து பணம். உண்மையான பணத்தில், சின்னத் தொகையில், வெவ்வேறு யுபிஐ செயலிகளிலிருந்து வாங்கிப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு காரியம் செய்யுங்கள்: யுபிஐ செயலியில் பணம் போனதும் உலாவிக்குத் திரும்பாமல் போனை மூடிவிடுங்கள். மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். பணம் வந்ததும் கேட்வே உங்கள் தளத்துக்குத் தானாக அனுப்பும் செய்தியான வெப்ஹுக் சரியாக இருந்தால் ஆர்டர் பதிவாகும். இல்லாவிட்டால் பணம் உங்கள் கணக்கில் இருக்கும், ஆர்டர் ‘நிலுவை’ என்று நிற்கும், வாங்கியவர் ‘பைசா போச்சு, மெசேஜ் ஒண்ணும் வரலியே’ என்று போன் போடுவார். முதல் நாளிலேயே இப்படி நடந்தால் அவர் திரும்ப வரமாட்டார், நாலு பேரிடமும் சொல்வார். பணம் திருப்பிக் கொடுப்பதையும் இப்போதே ஒருமுறை செய்துபாருங்கள்.

ஆர்டர் உறுதி மின்னஞ்சல் ஸ்பேமில் விழுகிறதா? மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் டொமைனுக்குப் போட்டு, ஜிமெயிலுக்கும் வேறொரு முகவரிக்கும் அனுப்பிச் சோதியுங்கள்.

சிக்னலையும் சோதிக்க வேண்டும். வடசேரியில் உட்கார்ந்து வேகமாகத் திறக்கும் தளம் பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு போகும் வழியில் திறக்காது. குழுவில் யாராவது அந்தப் பக்கம் போகும்போது ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

7. சத்தமில்லாமல் திறப்பது

தளத்தை இரண்டு முறை வெளியிடுங்கள். முதலில் யாருக்கும் சொல்லாமல் திறந்து, ஒரு வாரம் நெருங்கியவர்கள் மட்டும் வாங்கட்டும். அறிவிப்பு அதற்குப் பின். உண்மையான டொமைனுக்கு மாறும்போது மட்டுமே வெளிவரும் பிழைகள் சில உண்டு, கூட்டம் இல்லாதபோது அவற்றைப் பிடிப்பது நல்லது.

நாள் பார்க்கும்போது செவ்வாய் அல்லது புதன் காலை வையுங்கள். ஏதாவது உடைந்தால் ஹோஸ்டிங் உதவிக்கும் கேட்வே உதவிக்கும் கூப்பிட மூன்று நாள் இருக்கும். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, ஓணம், கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேண்டாம். கூரியரும் தடுமாறும், உங்கள் ஆட்களும் வீட்டில் இருக்கமாட்டார்கள். மழைக்காலம் என்றால் கரண்ட் போனாலும் வேலை நிற்காதபடி மடிக்கணினியில் சார்ஜும் போனில் டேட்டாவும் இருக்கட்டும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முந்தின நாள் டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை இணையம் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். பழைய மதிப்பு 86,400 என்றால் மாற்றம் சிலருக்கு ஒரு நாள் முழுக்கத் தெரியாது. அன்று காலை முழு பேக்கப் எடுத்து, ஒருமுறை வேறிடத்தில் மீட்டுப் பாருங்கள், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. பிறகு தளத்தை மாற்றுங்கள். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றுவதாக இருந்தால் முதலில் எல்லா டிஎன்எஸ் பதிவுகளையும் நகலெடுத்துப் புதிய இடத்தில் போட வேண்டும். இதை மறந்துவிட்டு, தளம் வந்தது, மின்னஞ்சல் நின்றது என்று தவிக்கிறவர்கள் அதிகம்.

அடுத்து, தளத்துக்கும் உலாவிக்கும் இடையில் போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ். டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டும் போடாமலும் இரண்டு முகவரியும் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை இல்லாமல் திறக்க வேண்டும், ஒன்று மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். ஒத்திகைத் தளத்தின் முகவரி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தரவுத்தளத்தில் தேடி மாற்றுங்கள்.

கேட்வேயைச் சோதனை நிலையிலிருந்து நேரடி நிலைக்கு மாற்றுங்கள், வெப்ஹுக் முகவரியையும் சேர்த்து. கேட்வே தரும் ரகசியக் குறியீடான சாவியை மாற்றிவிட்டு வெப்ஹுக்கை மறப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும். கடைசியாக, தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால் ‘தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம்’ என்ற டிக்கை எடுங்கள். இது ஒன்று நின்றுவிட்டால் மாதக்கணக்கில் கூகுளில் வராமல் கிடக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

8. ஊருக்குச் சொல்வது

ஒரு வாரம் ஆர்டர்கள் ஒழுங்காக ஓடினால் இப்போது தேதி குறியுங்கள். நம் பக்கம் செய்தி பரவுவது வாட்ஸ்அப்பில்தான் என்பதால், லிங்க்கை அனுப்பினால் என்ன படமும் தலைப்பும் வருகிறது என்று பாருங்கள். லிங்க்கோடு வரும் அந்தப் படம் (ஓபன் கிராஃப் படம் என்பார்கள்) 1200க்கு 630 அளவில், கனம் குறைவாக இருக்கட்டும். அனுப்பிய பிறகு திருத்தினால் பழைய படமே கொஞ்ச நாள் வந்துகொண்டிருக்கும், அதனால் குடும்பக் குழுக்களுக்குப் போகும் முன் உங்களுக்குள்ளேயே அனுப்பிப் பாருங்கள்.

தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். கடையோ குடோனோ இருந்தால் கூகுள் மேப்பில் வணிகப் பதிவும் வேண்டும். எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்து அனுப்பினால், பொட்டலம் கட்டும் கைகளுக்கும் தாங்கும்.

9. முதல் மாதம்

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஆர்டர் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போன் எடுப்பவர் ஒவ்வொரு புகாரையும் அதே ஷீட்டில் ஒரு வரியாக எழுதட்டும். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் தளத்தைத் திருத்துங்கள். மற்றபடி முதல் மாதம் வடிவமைப்பில் கை வைக்காதீர்கள், ஆர்டர் குறைந்தால் எந்த மாற்றத்தால் என்று தெரியாமல் போகும். இருப்பு தீர்ந்த பொருளை அன்றே ‘இல்லை’ என்று குறியுங்கள்.

லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தரும் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். தானாகப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் எப்போதும் நடப்பதில்லை. காலாவதி பற்றி மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தையும் அவர்கள் 2025இல் நிறுத்திவிட்டார்கள். குழுவின் காலண்டரில் 65ஆம் நாளைக் குறித்து, அன்று உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தொட்டுக் காலாவதித் தேதி தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் ஹோஸ்டிங் உதவியை அழைக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது.